கோத்தகிரியில் இருந்தபடியே ஆவணப்படம் எடுத்து வாழ முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதில் மேலோட்டமாக இரண்டு கேள்விகள் தெரிகின்றன. கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். சென்னைக்குப் போகாமல் ஆவணப்படக்காரராக வாழ முடியுமா என்பது ஒன்று. கல்யாண வீடியோவும் ரிசார்ட் விளம்பரமும் எடுத்தால் பின்னால் யாரும் மதிக்க மாட்டார்களா என்பது இன்னொன்று. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் மதிக்கிற ஓர் இயக்குநரின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தீர்கள். அதில் ஆவணப்படம், விளம்பரம், பாடம் நடத்துவது, அடுத்தவர் படத்துக்கு எடிட்டிங், சப்டைட்டில் எழுதுவது என்று வரிசையாக இருந்ததைப் பார்த்து, 'இவருக்கே ஒன்றும் நிலையாக அமையவில்லையா' என்று பயந்துபோனதாகச் சொல்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பல வேலை செய்வது தோற்றுப்போனதன் அடையாளமா, இந்தத் தொழிலே அப்படித்தானா?

தொழிலே அப்படித்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குன்னூரில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேலாக ஆவணப்படம் எடுக்கிறேன். பாதி என் சொந்தப் படங்கள், மீதி மற்றவர்களுக்காகக் கேமராவோ எடிட்டிங்கோ செய்தவை. வியாபார சினிமாவில் நான் வேலை செய்ததில்லை. உதவி இயக்குநராகக் கோடம்பாக்கத்தில் சேர்வது பற்றி நான் சொல்வதெல்லாம் கேள்விப்பட்டதாகவே இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. கீழே வருவது ஆவணப்படமும் சிறு முதலீட்டுக் கதைப்படமும் பற்றி மட்டும்.

தமிழில் இந்த மரபு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றி உலகத்தில் எங்கெங்கு படச்சுருள் இருந்ததோ அங்கெல்லாம் அலைந்து சேகரித்து, 1940-ல் தமிழ் விளக்க உரையோடு ஆவணப்படமாக வெளியிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பயணக் கட்டுரையாளர், பத்திரிகைக்காரர். 1943 முதல் குமரி மலர் என்ற இதழை நடத்தியவர். அவரைப் படம் எடுத்த எழுத்தாளர் என்பதா, எழுதிய படக்காரர் என்பதா? எனக்கு அந்தப் பிரிப்பே தேவைப்படவில்லை. பயணம் அவருக்குப் படச்சுருளைக் காட்டியது, எழுத்து அவருக்கு வாசகரைச் சேர்த்தது. ஒரு வேலை இன்னொன்றுக்குக் கை கொடுத்தது.

நம் காலத்துக்கு வந்தால் காட்டுயிர் ஆவணப்படக்காரர், சென்னையின் சேகர் தத்தாத்ரி. பள்ளி வயதில் சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர், அங்கிருந்து கேமராவுக்குப் போனார். கேரளத்தின் சைலன்ட் வேலி மழைக்காடு பற்றிய அவருடைய படம் 1991-ல் வந்தது. பிறகு வெளிநாட்டுச் சேனல்களுக்கு வேலை செய்தார். அந்தப் பாதையிலேயே வசதியாகத் தொடர்ந்திருக்கலாம். அவர் அதை விட்டு, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் நேராகக் காட்டுவதற்கான குறும்படங்களுக்குத் திரும்பினார். கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கம் பற்றி 2001-ல் எடுத்தது அப்படிப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவால் அந்தச் சுரங்கம் 2005 இறுதியில் நின்றது. படம் ஒன்றே நிறுத்தியது என்று சொல்வது மிகை. வழக்கும் போராட்டமும் இருந்தன. ஆனால் சேனல்களுக்காக வேலை செய்த வருடங்களில் பழகிய கை இல்லாமல் அந்தக் குறும்படம் அவ்வளவு கூர்மையாக வந்திருக்காது என்பது என் கணிப்பு.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். தெப்பக்காடு யானை முகாமில் எடுத்து 2023-ல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தின் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் ஊட்டியில் வளர்ந்தவர். உங்களைப் போலவே கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்து, இங்கேயே லைட் அண்ட் லைஃப் அகாடமியில் புகைப்படம் கற்றவர். சேனல்களுக்குக் கேமரா வேலை செய்திருக்கிறார். நாற்பது நிமிடம் ஓடுகிற அந்தப் படத்துக்கு ஐந்து வருடம் போல ஆகியிருக்கிறது. விருதை விட்டுவிட்டு அந்த ஐந்து வருடத்தைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். மும்பையிலிருந்து பத்து நாள் ஹோட்டல் போட்டு வருகிற குழுவால் அந்தப் படத்தை எடுக்க முடியாது. யானைக்குட்டி குளிப்பதை அவர்களும் எடுப்பார்கள். குட்டி வளர்வதையும் வளர்த்தவர்கள் அதைப் பிரிவதையும் எடுக்க, பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மலையில் இருக்கிற நமக்குக் கையிலிருக்கும் மூலதனம் அந்த அண்மைதான். ஆகவே எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்று நான் முடிவு செய்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று: கூலி தவிர அந்த வேலை வேறு ஏதாவது எனக்கு விட்டுச்செல்கிறதா? பொழுது மிச்சமாகலாம், ஒரு மனிதரின் பழக்கம் கிடைக்கலாம், புதுக் கைத்திறன் வரலாம், எடுத்த ரஷ்ஸில் (தொகுக்காத மூலக் காட்சிகளில்) உரிமை இருக்கலாம். நான்கில் ஒன்றாவது வேண்டும். சம்பளம் மட்டும் கொடுத்துவிட்டு வருடம் முழுக்க ஆளைப் பிடித்து வைக்கிற வேலை, எவ்வளவு கௌரவமானதாக இருந்தாலும், சொந்தப் படத்தைக் கொன்றுவிடும்.

இந்தக் கணக்கில் கல்யாண வீடியோ அவ்வளவு மோசமில்லை. முகூர்த்த மாதங்களில் உழைத்தால் ஆடியும் மார்கழியும் உங்களுக்கே சொந்தம். படுகர் வீட்டுக் கல்யாணத்தைத் தொடர்ந்து எடுக்கிற ஒருவருக்கு எந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) யார் பெரியவர், யார் நல்ல பாட்டுக்காரர், எந்தப் பாட்டிக்கு பழைய கதை தெரியும் என்பதெல்லாம் ஆராய்ச்சி என்ற பெயர் இல்லாமலே தெரிந்துவிடும். கூட்டத்தில், வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், மறுபடி எடுக்க வாய்ப்பே இல்லாத ஒரு நொடியைப் பிடிக்கும் பழக்கமும் வரும். அதுதானே ஆவணப்பட ஒளிப்பதிவு? ரிசார்ட் விளம்பரம் அதைவிடக் காசு தரும், ஆனால் பணத்தைத் தவிர எதையும் விட்டுச்செல்லாது. அவசரத்துக்கு எடுங்கள், பழக்கமாக்க வேண்டாம். தொண்டு நிறுவனங்களுக்கும் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவுக்கும் எடுக்கிற படங்கள் நடுவில் நிற்கும். பந்தலூர், கூடலூர் பக்கம் நீங்களாகப் போக முடியாத குடியிருப்புகளுக்குக் கூட்டிப் போவார்கள், மனிதர்கள் பழக்கமாவார்கள். படம் மட்டும் அவர்கள் சொன்னபடி எல்லாரும் சிரித்தபடி முடிய வேண்டும். அதைச் செய்துகொடுங்கள், அது அவர்கள் படம். பள்ளிகளில் பயிற்சி வகுப்பு எடுப்பதும் நல்லது. ஒரு ஷாட் ஏன் வேலை செய்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கினால் நமக்கே அது தெளிவாகும். உங்கள் ஊரிலேயே ரேடியோ கோத்தகிரி 90.4 சமூக வானொலி இருக்கிறது. ஒலிப்பதிவும் பேட்டி எடுப்பதும் கற்க அதைப் போன்ற இடம் சென்னையிலும் எளிதில் கிடைக்காது.

வெளியூர்ப் படக்குழுக்களுக்கு லொக்கேஷன், அனுமதி, வண்டி, ஆள் ஏற்பாடு செய்து தருகிற வேலையும் இங்கே உண்டு. மலை ரயில் வந்த நாளிலிருந்து என்று சொல்லலாம் போல, ஊட்டி ஷூட்டிங் ஊர். இந்த வேலை இப்போது கூடியிருக்கிறது, காரணம் கெடுபிடிகளும் கூடியிருப்பதுதான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சரணாலயத்துக்குள் கேமரா கொண்டுபோக வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 28-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதுமலை ரேஞ்சர் தெரிந்தவர், சின்னக் கேமராதானே என்பதெல்லாம் செல்லாது. ட்ரோன் என்றால் தனிக் கணக்கு. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு உட்பட்டதற்கு பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பதை மட்டும் படித்துவிட்டு வந்து இங்கே பறக்கவிடுகிறார்கள். எடை எவ்வளவு குறைவானாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. காட்டுக்கு மேலே என்றால் வனத்துறை அனுமதி வேறு. வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கிற மலை இது. உள்ளூர்க்காரராக இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதற்கே உங்களுக்குக் கூலி தருவார்கள். அதோடு பெரிய குழுவின் ஒலிப்பதிவாளரும் ஃபோகஸ் புல்லரும் (லென்ஸின் குவியத்தைப் பார்த்துக்கொள்பவர்) எப்படி வேலை செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இனி உரிமை. நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் விழுகிற பள்ளம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து ஒரு படத்தை எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்தவர் இல்லை. அதாவது ஒரு நிறுவனத்துக்காகக் குறும்பர் குடியிருப்பு ஒன்றில் தேன் எடுப்பதைப் படம் பிடிக்கிறீர்கள், பத்து வருடம் கழித்து அந்தப் பெரியவர் இறந்துவிடுகிறார், அவர் பேசியது உங்கள் ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதாமல் விட்டிருந்தால் அதை உங்கள் படத்தில் வைக்க நீங்களே அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் இந்த அர்த்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்: 'முடிந்த படம் நிறுவனத்துக்கு உரியது, எடுத்த மூலக் காட்சிகளை நிறுவனத்தின் பெயர் வராமல் தன் சொந்த ஆவணப்படங்களில் பயன்படுத்தும் உரிமை ஒளிப்பதிவாளருக்கு உண்டு.' வேலை தொடங்கும் முன் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். முடிந்த பிறகு கேட்டால் சந்தேகப்படுவார்கள். உங்கள் சொந்தப் படத்தை யாருக்காவது கொடுக்கும்போது எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் 19-வது பிரிவு அதை ஐந்து வருடம் என்றும் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். 'எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக' என்று அச்சடித்து வரும் தாளில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் வருவது எப்போதும் தாமதமாகும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்து வையுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை. பில்லில் உத்யம் எண் இருந்தாலே கணக்குப் பிரிவில் அந்தத் தாள் சீக்கிரம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் இல்லாத இன்னோர் உரிமை இருக்கிறது. நாம் படம் எடுக்கிறவர்களுடையது. தோடர் கோவில் பக்கம் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். படுகர்களின் ஹெத்தை பண்டிகையில் எதை எடுக்கலாம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கைரேகை வாங்குவதை ஒப்புதல் என்று நான் நினைப்பதில்லை. எடுத்ததை அவர்கள் ஊரிலேயே போட்டுக் காட்டி, வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிடுவதுதான் ஒப்புதல். பணம் தரலாமா என்று இத்துறையில் இன்னும் வாதம் முடியவில்லை. பேட்டிக்குக் காசு கொடுத்தால் பேச்சு மாறிவிடும் என்பார்கள். என் முடிவு இது: ஒருவர் பச்சைத் தேயிலை பறிக்கப் போகாமல் நமக்காக ஒரு நாள் உட்கார்ந்தால் அந்த நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். படம் சம்பாதித்தால் பங்கு உண்டா என்பதை முதலிலேயே, அவர்கள் மொழியில், சாட்சி வைத்துப் பேச வேண்டும். ஒரு படம் பெயர் வாங்கிய பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மனம் கசக்கும். நீங்கள் அதே ஊரில் வாழப் போகிறவர், சந்தையில் தினமும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியவர்.

இதுவரை சொன்னது உறுதியானது. விழாக்களும் நல்கைகளும் (படமெடுக்கத் தரும் நிதியுதவி) அப்படியில்லை. முன்பு மத்திய அரசின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் இருந்தது, 1948-ல் தொடங்கியது. இப்போது அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நிறைய இளைஞர்களின் முதல் ஆவணப்படத்துக்குக் காசு கொடுத்த பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளையை நம்பிய காலமும் போய்விட்டது. பெங்களூரின் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை இன்னும் நல்கை தருகிறது. கோவாவில் ஃபிலிம் பஜார் என்ற படச் சந்தை நடக்கிறது. கேரள சலச்சித்திர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு கோவைக்கு இறங்கி ரயிலேறினால் போய்விடலாம். படம் இல்லாவிட்டாலும் பார்வையாளராகப் போங்கள். மதுரையில் ஆர்.பி. அமுதன் 1998 முதல் ஆவணப்பட விழா நடத்தி வருகிறார். அவரும் தானே எடுத்து, தானே திரையிட்டு, தானே ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர். கோவையின் அருண் கார்த்திக் எடுத்த 'நசீர்' என்ற கதைப்படம் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி பெற்று, 2020-ல் அதே விழாவில் விருதும் வாங்கியது. மலைக்குக் கீழே இரண்டு மணி நேரத் தொலைவில், கோவையின் சந்துகளில் எடுத்த படம் அது. ஆக, கதவு இருக்கிறது. அது உங்களுக்குத் திறக்குமா என்பதை யாரும் சொல்ல முடியாது. விழாவில் தேர்வாவது விற்பனைக்கு வழி என்று சிலர் வகுப்பெடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெரும்பாலான படங்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஓடிடி வாங்குமா என்பது அந்த வருடத்தின் காற்றைப் பொறுத்தது. அதனால் நல்கை வந்தால் படம், வராவிட்டால் இல்லை என்று ஒரு படத்தை நிறுத்தி வைக்காதீர்கள். வெளிநாட்டு நல்கை கிடைத்தால் வாங்கும் முன் வெளிநாட்டு நிதிச் சட்டம் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள்.

சென்னைக்குப் போகலாமா என்றால், ஒரு கைத்திறனைக் கற்கப் போங்கள், குடியேற வேண்டாம். ஒலியோ எடிட்டிங்கோ இரண்டு மூன்று வருடம் நல்ல ஒருவரிடம் கற்றுவிட்டுத் திரும்பினால் இந்த மாவட்டத்தில் உங்களைத் தேடி வருவார்கள். ஆனால் போகும் முன்னாலேயே ஒரு நீண்ட படத்தை இங்கே தொடங்கிவிடுங்கள், லீவுக்கு வரும்போதெல்லாம் எடுக்கலாம். இங்கே காலமே ஒழுங்கு கொடுக்கும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூனில் மழை பிடிக்கும். உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதன்பின் தலைகுந்தாவில் உறைபனி. கொடைக்கானல் பக்கம் 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்கும். மலையில் ஒரு பொருளை எடுக்க நினைப்பவர் இந்தச் சுற்றுக்குள் தன்னை வைத்துக்கொண்டால் போதும், வெளியூர்க் குழு எதுவும் எட்ட முடியாத ரஷ்ஸ் சேர்ந்துவிடும். அப்பா தேயிலைத் தொழிற்சாலை வேலை பார்க்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பச்சைத் தேயிலை விலை எப்படி ஆடுகிறது என்று பார்த்து வளர்ந்தவர், மாதச் சம்பளத்தை விரும்புவது நியாயம். அவரோடு சண்டை வேண்டாம். ஷிப்ட் வேலையாக இருந்தால் அதையும் மேலே சொன்ன அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைக்குள் ஒரு வருடம் இருந்த ஆவணப்படக்காரர் தமிழில் எத்தனை பேர்?

கடைசியில் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கையில் இருப்பதே போதும். 4கே எடுக்கிறது என்கிறீர்கள். அந்தக் காசுக்கு முதலில் சட்டையில் குத்துகிற நல்ல லேப்பல் மைக் ஒன்றும், நேராக எதிரே வரும் ஒலியைப் பிடிக்கிற ஷாட்கன் மைக் ஒன்றும் காற்றைத் தடுக்கும் உறையோடு வாங்குங்கள். நம் மலையில் காற்றும் மழையும் பேச்சை விழுங்கிவிடும். கலங்கிய படத்தைப் பனிமூட்டம் என்று பார்ப்பவர் மன்னிப்பார், கேட்காத பேச்சை மன்னிக்க மாட்டார். அடுத்து ஹார்டு டிஸ்க். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். எப்போதும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். லென்ஸை மழைக்காலத்தில் துணிப்பையில் போடாதீர்கள், பூஞ்சை பிடித்தால் போகாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.